பலாப்பலகையில் ஒரு கிட்டார்!

பாண்டியில் இந்திரா காந்தி சிலை சிக்னலைத் தாண்டி விழுப்புரம் ரோட்டைப் பிடித்தால் ரெட்டியார்பாளையம். டூரிஸ்ட் யாரும் இங்கே இறங்குவதில்லை. மஞ்சள் சுவர், காகிதப்பூ, ஃப்ரெஞ்சுப் பெயர்ப்பலகை என்று போட்டோ எடுக்கிற சமாசாரம் எல்லாம் பீச் பக்கத்தோடு சரி. இங்கே இருப்பது ஹார்டுவேர் கடை, டைல்ஸ் கடை, டியூஷன் சென்டர், பிரியாணிக் கடை... அப்புறம் விழுப்புரம் பஸ்ஸின் ஏர்ஹாரன். அதில் ஒரு பஸ் மட்டும் சுத்தமான இ நோட்டில் அடிக்கும். டியூனர் வைத்துப் பார்த்துவிட்டேன், சத்தியமா!

மெயின் ரோட்டில் இருந்து ரெண்டு சந்து உள்ளே போனால் என் மாமாவின் தச்சுப் பட்டறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு வேப்பமரம், எப்போதும் கொஞ்சம் பாடிக்கொண்டே இருக்கும் ஒரு பழைய ரேடியோ. கிச்சன் கப்போர்டு, வார்ட்ரோப், பூஜை ரூம் கதவு... இதுதான் அங்கே பிழைப்பு. ஆனால், 2024 ஜூலையில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அங்கே வேறு ஒரு வேலை நடந்தது. எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிற வேலை!

ஆள் கணக்கு சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு மரம் தெரியும், கிட்டார் தெரியாது. என் கிளாஸ்மேட்டுக்கு கிட்டார் தெரியும், மரம் தெரியாது. எனக்கு ரெண்டும் தெரியாது. நான் ட்ரிபிள்-ஈ படிக்கிறேன், அவ்வளவுதான்.

கடையில் பன்னிரண்டாயிரம் கொடுத்தால் நல்ல கிட்டாரே கிடைக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். விஷயம் அந்தப் பலகையில் இருக்கிறது.

பண்ருட்டிப் பக்கத்தில் எங்க தாத்தா வீட்டுத் தோட்டத்தில் ஒரு பலாமரம் இருந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரை ஏறியபோது அது விழுந்தது. எனக்கு அப்போது ஆறு வயசு. அந்தப் பக்கம் பலாவும் முந்திரியும் ஏக்கர் ஏக்கராகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னமும் மறக்கவில்லை. அடுத்த பலா பெருசாகிக் காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று தாத்தா விரல் விட்டு எண்ணினாராம். எண்ணி முடித்ததும், சா மில்லுக்கு ஆள் அனுப்பி மரத்தைப் பலகையாக அறுத்துவிட்டார். அதில் பாதி வீட்டுக் கதவுக்குப் போனது, கொஞ்சம் சொந்தக்காரர்களுக்குப் போனது. 2019-ல் தாத்தா போய்ச் சேர்ந்தபோது மிச்சம் இருந்தது ஒரே ஒரு பலகை. மூன்றரை அடி நீளம், பதினாலு அங்குல அகலம், ரெண்டு அங்குல கனம். அது மாமா பட்டறைக்கு வந்து, பரணில் ஏறிப் படுத்துக்கொண்டது.

அந்தப் பலகைக்கு அம்மா ஏற்கெனவே ஒரு திட்டம் வைத்திருந்தார். அக்கா கல்யாணத்துக்கு மணை. மாப்பிள்ளையும் பொண்ணும் தாத்தா நட்ட மரத்தில் உட்கார வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. (அக்கா எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, கல்யாணப் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். அது தனிக் கதை!)

"ஏன்டா, ஊர்ல வேற மரமே இல்லையா உங்களுக்கு?" என்று மாமாவிடம் கேட்டார் அம்மா. மாமா பதில் சொல்லவில்லை. அவருக்கும் அது அப்பா மரம்தானே. "அக்கா சரின்னு சொல்லாம அதுல ரம்பம் படாது மாப்ள" என்று என்னிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். வெட்டினால் திரும்ப ஒட்டாத விஷயத்தில் மாமா ரொம்பக் கறார்.

அதனால் முதல் நாலு மாசம் பிளைவுட்டில் மாதிரி வெட்டியே பொழுது போனது.

எங்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். முதல் ஆள் பிரையன் மே. குயின் பேண்டின் கிட்டாரிஸ்ட். 1963-ல், பதினாறு வயசில், அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆரம்பித்தார். நெக் செய்த மரம், நூறு வருஷப் பழைய கணப்படுப்பின் மேல்பலகை. அதில் இருந்த புழு ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தாராம். ட்ரெமொலோவுக்கு ஒரு பழைய பேந்தர் மோட்டார் பைக்கின் வால்வு ஸ்ப்ரிங். ரெண்டு வருஷம் ஆனது. அந்த கிட்டாரைத்தான் உலகம் முழுக்கக் கொண்டுபோய் வாசித்தார், 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டைமாடியில் கூட! மனுஷன் 2007-ல் விண்வெளி இயற்பியலில் பிஎச்.டி.யும் முடித்துவிட்டார். அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, இன்னும் டைம் இருக்கிறது.

ரெண்டாவது ஆள் லியோ ஃபெண்டர். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று இன்றைக்கும் உலகமே வாசிக்கும் கிட்டார்களை 1950-களில் கொண்டுவந்தவர். அவர் ஒரு ரேடியோ ரிப்பேர்காரர். கிட்டார் வாசிக்கவே தெரியாது! இதைச் சொன்னதும் மாமா முகத்தில் வந்த பிரகாசத்தைப் பார்க்கணுமே.

மூன்றாவது, லெஸ் பால். 1940-களின் தொடக்கத்தில் நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டையில் தந்தி கட்டி, பிக்-அப் மாட்டி வாசித்தார். பேரே 'லாக்', அதாவது கட்டை. சத்தம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஒட்டவில்லை. உடனே ஒரு சாதாரண கிட்டாரை ரெண்டாக அறுத்து, கட்டையின் ரெண்டு பக்கமும் ஒட்டினார். அப்புறம் தான் ஜனம் அதை கிட்டார் என்று ஒத்துக்கொண்டது.

இந்தக் கதையில்தான் எலெக்ட்ரிக் கிட்டாரின் ரகசியம் இருக்கிறது. சாதா கிட்டாருக்கு வயிறு வேண்டும், உள்ளே காற்று அதிர வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வயிறே வேண்டாம். தந்திக்குக் கீழே காந்தம், காந்தத்தைச் சுற்றி செப்புக் கம்பிச் சுருள். இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ப்ளஸ் டூ ஃபிசிக்ஸில் நாம் ரெண்டு மார்க்குக்குப் படித்த அதே ஃபாரடே! அந்தக் குட்டி மின்சாரத்தை ஆம்ப்ளிஃபையர் பெரிசாக்கிக் கத்துகிறது. அப்படியானால் உடம்பு எந்த மரமாக இருந்தால் என்ன? கிட்டார் பிரியர்கள் இதற்காக வருஷக்கணக்காக அடித்துக்கொள்கிறார்கள். மரத்தால் சத்தம் மாறும் என்று ஒரு கட்சி, எல்லாம் பிரமை என்று ஒரு கட்சி. எனக்கு ரெண்டாவது கட்சிதான் சரி என்று படுகிறது. அப்போ பலாப்பலகைக்கு ஏன்டா இவ்வளவு அடம் என்று கேட்டால்... என்னிடம் ஃபார்முலா இல்லை.

பலாவைக் கேட்டால் தஞ்சாவூர் ஞாபகம் வராமல் இருக்குமா? ஒரு சனிக்கிழமை கிளாஸ்மேட்டும் நானும் பஸ் ஏறிவிட்டோம். தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம்தான், அதுவும் பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மரியாதை. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வீணை அது. குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. நாங்கள் போன பட்டறையில் ஒரு பெரியவர் கொட்டாப்புளியால் உளியைத் தட்டித் தட்டிக் குடம் குடைந்துகொண்டு இருந்தார். தரை முழுக்க மஞ்சள் சிராய். பலாவின் வைரம் அப்படி ஒரு மஞ்சள். புத்த பிக்குகளின் காவி ஆடைக்கு இதே மரத்தில் இருந்துதான் சாயம் எடுத்திருக்கிறார்கள். நாளாக ஆக மஞ்சள் போய்ப் பழுப்பாகும்.

எங்களைக் கவர்ந்தது வேறு ஒன்று. வீணையில் 24 மெட்டுகள். அதை உட்கார வைப்பது தேன்மெழுகும் கரியும் கலந்த ஒரு குழம்பின் மேல். பெரியவர்கள் தந்தியை மீட்டி, காதால் கேட்டு, மெட்டைத் துளி நகர்த்தி, மறுபடி மீட்டி, மறுபடி நகர்த்தி உட்கார வைக்கிறார்கள். நாளைக்குச் சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மறுபடி மேளம் கட்டலாம். கிட்டாரில் அந்தப் பேச்சே இல்லை. ரம்பத்தால் பள்ளம் அறுத்து ஃப்ரெட்டை அடித்து இறக்கினால் இறக்கினதுதான். அரை மில்லிமீட்டர் தப்பினால் பலகை அடுப்புக்கு! கிட்டாரை விற்றுவிட்டு வீணைக்கே போயிடலாமா மச்சி என்றான் கிளாஸ்மேட்.

திரும்பி வந்து மாமாவிடம் இதை எல்லாம் சொன்னோம். கேட்டுக்கொண்டே உளி தீட்டினார். கடைசியில் ஒரே கேள்வி. "குடத்துக்கு உளி எந்தப் பக்கமா புடிக்கிறாங்க?"

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்த புயல், நகர மறுத்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. கரன்ட் இல்லை, போன் இல்லை. மறுநாள் மதியம் மாமா வீட்டுக்கு நடந்தே போனேன். பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். பிளைவுட் எல்லாம் அப்பளம் மாதிரி ஊதிப் பிரிந்து கிடந்தது. ஒரு பூஜை ரூம் கதவு மிதந்தது. பரண் ஒரு பக்கம் சரிந்து, பலாப்பலகை ஒரு முனை தண்ணீரில், ஒரு முனை சுவரில் என்று சாய்ந்து நின்றது. மாமா ஒன்றுமே பேசாமல் அதைத் தூக்கித் தோளில் வைத்து, வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார். லட்ச ரூபாய் சரக்கு கீழே நனைகிறது, இவர் முதலில் எடுத்தது அதை!

நனைந்த பலகையை வெயிலில் போடக் கூடாதாம். மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், இழுபறியில் மரம் வெடிக்கும். நிழலில், காற்று ரெண்டு பக்கமும் படுகிற மாதிரி, கீழே சின்னச் சின்ன ரீப்பர் கொடுத்து வைத்தார். பாரத்துக்கு மேலே ரெண்டு ஹாலோ பிளாக். முனைகளில் மெழுகுவத்தி உருக்கிப் பூசினார். அப்படியும் தண்ணீரில் கிடந்த முனையில் ஆறு அங்குலத்துக்கு ஒரு வெடிப்பு விட்டுவிட்டது.

பொங்கலுக்கு வந்த அம்மா மாடியில் அதைப் பார்த்தார். வெடிப்பை விரலால் தடவிக்கொண்டே நின்றார். வெடித்த பலகையில் கல்யாண மணை போட மாட்டார்கள். ரொம்ப நேரம் கழித்து, "என்னமோ பண்ணுங்கடா" என்றார். நாங்கள் ஜெயித்த மாதிரியே இல்லை. நான் அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை, பொங்கலைத் தவிர.

அட்டையில் வெட்டிய கிட்டார் உருவத்தைப் பலகை மேல் வைத்து இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, வெடிப்பு முழுக்க வெளியே விழுகிற இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிறு ஆனது. அறுக்கும்போது மாமா என்னைத் தொடவே விடவில்லை. உடம்பு இழைத்து முடித்ததும் தராசில் வைத்தோம். ரெண்டரை கிலோ. என் பனியன் வேர்வையும் மரத்தூளும் சேர்ந்து மஞ்சளாகி, இன்னமும் அப்படியேதான் இருக்கிறது.

நெக்குக்கு, இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் ஒரு பழைய தேக்கு நிலைச்சட்டம் கிடைத்தது. ஆணி எல்லாம் பிடுங்கி இழைத்தால் நேர் நேராக ரேகை. எலெக்ட்ரிக் கிட்டாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். ராத்திரி பகல் ஒரு அரிசி மூட்டைக்கு மேல் தொங்குகிற கணக்கு! மரம் மட்டும் தாங்காது, வில்லாக வளையும். அதற்குத்தான் நெக்குக்கு உள்ளே நீளமாக ஒரு இரும்புக் கம்பி, ட்ரஸ் ராட். ஒரு முனையில் திருகினால் எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்தும். மாமாவுக்கு மொத்த கிட்டாரிலும் ரொம்பப் பிடித்தது இதுதான். "இத நம்ம ஊர்க் கதவுக்கு வச்சா மழைக்காலத்துல இறுக்காது" என்றார். யாராவது பேடன்ட் எடுங்கப்பா.

விரல் வைக்கும் பலகைக்கு ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட். நம்ம மேற்கு மலைத்தொடரில் வளரும் இந்த மரத்துக்கு உலகம் முழுக்க கிட்டார்காரர்கள் மத்தியில் மவுசு. மார்ட்டின் மாதிரியான அமெரிக்கக் கம்பெனி 1969-ல் பிரேசில் மரத்தை விட்டு நம்ம மரத்துக்கு மாறியது. வெட்டு அதிகமாகி, 2017-ல் ஈட்டியின் இனம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். கிட்டாரோடு விமானம் ஏறவே பயந்த கலைஞர்கள் உண்டு. 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். எங்களுக்கு அந்த வம்பே வேண்டாம் என்று, பழைய ஃபர்னிச்சர் கடையில் உடைந்த கட்டில் ஒன்றின் சட்டத்தை 900 ரூபாய்க்குப் பேசி வாங்கினோம். யார் படுத்த கட்டிலோ!

ஃப்ரெட் அளவு என் டிபார்ட்மென்ட். தந்தி நீளம் 648 மி.மீ. அதை 17.817-ஆல் வகுத்தால் 36.37. அது முதல் ஃப்ரெட். மிச்ச நீளத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 324-ல் வந்து நிற்கும். ரெண்டின் பன்னிரண்டாம் படிமூலத்தில் இருந்து வரும் எண் இது. இதற்கு முன்னால் 18-ஆல் வகுப்பார்கள். அதை 1581-லேயே எழுதி வைத்தவர் வின்சென்சோ கலிலெய், நம்ம கலிலியோவின் அப்பா!

கெத்தாக எக்ஸெலில் போட்டு, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, ரெண்டு தாளை ஒட்டிக் கொடுத்தேன். மாமா அதை வாங்கினார். ஈட்டிப் பலகையைத் தொடவில்லை. இரும்பு ஸ்கேலை எடுத்து அளந்தார். "நீ சொன்னது 324. இது 314-ல நிக்குது?" பிரின்ட் எடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' டிக் ஆகி இருந்திருக்கிறது. மொத்தமும் 97 சதவிகிதமாகச் சுருங்கிவிட்டது! மூன்று வருஷ இன்ஜினீயரிங்கைப் பத்து ரூபாய் ஸ்கேல் காப்பாற்றியது. கிளாஸ்மேட் இதை காலேஜ் முழுக்கச் சொல்லிவிட்டான். நீங்களும் இப்போது படித்துவிட்டீர்கள்.

பிக்-அப்புக்குக் கம்பி சுற்ற மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனோம். போர்வெல் மோட்டாரும் ஃபேனும் கட்டுகிற அண்ணன். எங்கள் கம்பியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். தலைமுடி கனம்தான், 0.063 மி.மீ. அதை 8,000 சுற்று சுற்ற வேண்டும். கையால் சுற்றும் மெஷினில், விரல் நுனி ரெண்டுக்கு நடுவே கம்பியை ஓடவிட்டு அவர் சுற்றினார். இறுக்கினால் அறும், தளர்த்தினால் சுருள் தொளதொளக்கும். முதலாவது 3,400-ல் டப்பென்று அறுந்தது. அண்ணன் ஒரு டீ சாப்பிட்டு வந்தார். ரெண்டாவது 7,600-ல் நிறுத்திக்கொண்டோம். மீட்டரில் 5.9 கிலோ ஓம். காசு வேண்டாம் என்றார். "பாட்டு கேக்க கூப்புடுங்க, அது போதும்."

பாண்டிப் பக்கத்தில் கையால் இசைக்கருவி செய்வது ஒன்றும் புதுசு இல்லை. ஆரோவில்லில் 2003-ல் தொடங்கிய ஸ்வரம், சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து மணி, தந்தி, தாளம் என்று வகைவகையாகச் செய்தது. கிளாஸ்மேட்டுக்கு ஹீரோ கிட்டார் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு முடித்துவிட்டு, எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்னாடக சங்கீதம் வாசிக்கிறவர். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மட்டும் என்ன? ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி இருந்த கருவியை ஐந்து ஒற்றைத் தந்தியாக்கி, பிக்-அப் மாட்டித்தானே சபாக்களில் உட்கார்ந்தார்!

2025 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பூட்டி முடிந்தது. பட்டறை முழுக்கக் கூட்டம். அம்மா, அக்கா, வைண்டிங் அண்ணன், பக்கத்து வீட்டுப் பசங்க. ஆம்ப்பை ஆன் பண்ணினான் கிளாஸ்மேட். 'ஹ்ம்ம்ம்ம்ம்...' என்று ஈ ஆயிரம் சேர்ந்து கத்தின மாதிரி ஒரு இரைச்சல். தந்தியில் கை வைத்தால் இரைச்சல் இன்னும் ஏறுகிறது! எனக்கு வேர்த்துவிட்டது. பிக்-அப் போச்சா? ஜாக் தப்பா? சால்டரிங்கா? ஒரு வருஷம்... அந்தப் பலகை...

வைண்டிங் அண்ணன் கிட்டாரைத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, எர்த் எங்க?"

தந்திகள் உட்காரும் பிரிட்ஜில் இருந்து எர்த்துக்கு ஒரு வயர் போக வேண்டும். அது இல்லாவிட்டால் வாசிக்கிறவன் உடம்பே ஆன்டெனா. ட்ரிபிள்-ஈ மூன்றாம் வருஷ மாணவன், எர்த் வயரை மறந்திருந்தேன்! மாமா டிரில் போட்டு ஒரு ஓட்டை போட்டார், நான் தலையைக் குனிந்துகொண்டே சால்டர் வைத்தேன். மறுபடி ஆன். லேசான முணுமுணுப்பு மட்டும்.

கிளாஸ்மேட் ஒரே ஒரு தந்தியை மீட்டினான். ஓப்பன் இ. அது நீண்டுகொண்டே போனது. யாரும் பேசவில்லை. ரோட்டில் விழுப்புரம் பஸ் போனதுகூடச் சட்டென்று கேட்கவில்லை. அம்மா மட்டும் கிட்ட வந்து, சத்தம் அடங்குவதற்கு முன்னால் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "அதிருதுடா" என்றார் மாமாவிடம்.

அப்புறம் முழுசாக ஒரு பாட்டு வாசித்தான். ரெண்டு நிமிஷத்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்து, பாப்பாவுக்கு நாளைக்கு டெஸ்ட் என்றார். வால்யூமைக் குறைத்தோம்.

வெடித்த துண்டு இன்னும் பட்டறையில் இருக்கிறது. வெடிப்பில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ரெண்டு சாவி வெட்டி அடித்து இறுக்கி, சின்னதாக ஒரு சாமி மணை செய்து அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று மாமா அளவு எடுத்து வைத்திருக்கிறார். வார்ட்ரோப் ஆர்டர் கொடுத்த ஒருவர் சுவரில் மாட்டியிருந்த கிட்டாரைப் பார்த்து, பையனுக்கு இதே மாதிரி ஒன்று கிடைக்குமா, என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். மாமா விலை சொல்லவில்லை. போன வாரம் எனக்கு போன் பண்ணி, "ஏன் மாப்ள, உன் ஃப்ரெண்டுங்க வீட்ல பழைய ஈட்டிக் கட்டில் ஏதாச்சும் உடைஞ்சு கிடக்கா?" என்று கேட்டார்.